தேர்ட் லானார்க்: ஆறே வருஷத்தில் ஒரு கிளப் எப்படி இல்லாமல் போனது?

கிளாஸ்கோவின் தென்பகுதியில் ஒரு பூங்காவுக்குள் நடந்தபோது மரங்களுக்கு நடுவே கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். விசாரித்ததில், அங்கே ஆடிய தேர்ட் லானார்க் என்ற கிளப் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்து சாம்பியன் என்றும், 1967இல் கடனில் மூழ்கி மூடப்பட்டது என்றும் சொன்னார்களாம். "சாம்பியனாக இருந்த கிளப்பைக் கடனுக்காக மூடிவிடுவார்களா? ரசிகர்கள் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?" என்பது உங்கள் கேள்வி. என் காதில் இது இரண்டு கேள்வியாக விழுகிறது. பணம் ஏன் தீர்ந்தது என்பது ஒன்று. தீர்ந்துகொண்டிருப்பது ஊருக்கே தெரிந்தும் ஏன் நிறுத்த முடியவில்லை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதிலில் பாதி உறுதியானது, மீதி நம்பிக்கை. இரண்டாவதற்குப் பதில் கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது.

நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். கிளாஸ்கோவில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன், வீடும் தென்பகுதியில்தான். வேலை முடிந்து வரும் வழியில் வாரம் ஒரு முறையாவது அந்தப் பூங்காவைக் கடப்பேன். மூன்று பக்கம் சரிந்து இறங்கும் சிமென்ட் படிகள். படிக்குப் படி பாசி. கூட்டம் முன்னால் சரியாமல் தாங்க நட்டிருந்த இரும்புத் தடுப்புகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தடுப்புகளுக்கு இடையிலேயே மரங்கள் வளர்ந்து, ஆட்கள் நின்ற இடத்தில் ஆள்போல நிற்கின்றன. நடுவில் புல்தரை மட்டும் வெட்டி ஒழுங்காக இருக்கும். நவம்பர் மாலையில் நாலு மணிக்கே இருட்டும் ஊர் அது. அந்த அரை வெளிச்சத்தில் ஒரு தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் கை சில்லென்று ஆகும். அப்படி நின்ற ஒரு நாளில்தான் இந்தக் கிளப்பின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தொழில் பழக்கம், கணக்குப் பக்கம்தான் முதலில் கண் போனது.

முதலில் அது எப்படிப்பட்ட கிளப் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இழப்பின் அளவு புரியும். 1872 நவம்பர் 30ஆம் தேதி உலகத்தின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் கிளாஸ்கோவில் நடந்தது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதி, இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது. பன்னிரண்டே நாளில், டிசம்பர் 12 அன்று, ஹவர்டு தெருவில் தன்னார்வப் படை ஒன்றின் அலுவலக அறையில் கூடி ஒரு கிளப் தொடங்கினார்கள். அந்தப் படையின் பெயர் மூன்றாவது லானார்க்‌ஷயர் ரைஃபிள் தொண்டர் படை. கிளப்பின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான், சட்டையின் சிவப்பும் படைச் சீருடையின் சிவப்புதான். பகலில் கடையிலும் அலுவலகத்திலும் வேலை, மாலையில் அணிவகுப்பு என்று இருந்த ஆட்கள் அவர்கள். அடுத்த வருஷம் மார்ச்சில் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தைத் தொடங்கிய எட்டு கிளப்புகளில் இதுவும் ஒன்று. 1890இல் லீக் தொடங்கியபோது ஆடிய பதினொன்றிலும் இருந்தது. அந்தப் பதினொன்றில் இன்றும் தொழில்முறை லீக்கில் இருப்பவை செல்டிக், ரேஞ்சர்ஸ், ஹார்ட்ஸ், செயின்ட் மிரன், டம்பார்டன் ஆகிய ஐந்துதான்.

நீங்கள் நின்ற அந்த மண்ணுக்குத் தனி வரலாறு உண்டு. 1884 முதல் 1903 வரை அது குவீன்ஸ் பார்க் கிளப்பின் மைதானம். அப்போது அதன் பெயர் ஹாம்ப்டன் பார்க். இன்று நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் ஹாம்ப்டன், அந்தப் பெயரில் வந்த மூன்றாவது மைதானம். நீங்கள் பார்த்தது இரண்டாவது. 1888இல் ரென்டன் என்ற சின்ன ஊர் அணி, இங்கிலாந்தின் கோப்பையை வென்ற வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனை 4-1 என்று வீழ்த்தி "உலகச் சாம்பியன்" என்று தன்னை அழைத்துக்கொண்டதும் அந்தப் புல்லில்தான்.

அதற்கடுத்த வருஷம் நடந்ததை ஸ்காட்லாந்தில் இன்றும் "பனி இறுதி ஆட்டம்" என்பார்கள். 1889 பிப்ரவரி 2, ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி, தேர்ட் லானார்க்கும் புதிதாக முளைத்திருந்த செல்டிக்கும். தரை முழுக்கப் பனி. ஆடும் நிலை இல்லை என்று இரண்டு கிளப்பும் ஆட்டத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டன. ஆனால் ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்து நிற்கிறது, திருப்பி அனுப்ப முடியாது. அதனால் நட்பு ஆட்டம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு ஆடினார்கள். கூட்டத்துக்கு இது தெரியாது. தேர்ட் லானார்க் 3-0 என்று வென்றது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஆடச் சொன்னார்கள். அதிலும் 2-1 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். பதினாலு வருஷம் கழித்து, குவீன்ஸ் பார்க் புது ஹாம்ப்டனுக்குப் போனதும், தாங்கள் கோப்பை வென்ற அதே மைதானத்தைத் தேர்ட் லானார்க் எடுத்துக்கொண்டு கேத்கின் பார்க் என்று பெயர் வைத்தது. படையோடு இருந்த முறையான உறவையும் அந்தச் சமயத்தில்தான் முடித்துக்கொண்டது. அந்த 1903-04 சீசனிலேயே ஹார்ட்ஸை நாலு புள்ளி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளி லீக் சாம்பியன். 1905இல் ரேஞ்சர்ஸைத் தோற்கடித்து இன்னொரு கோப்பை.

ரசிகர்கள் "ஹை ஹை" என்று கத்துவார்கள், கிளப்புக்கே அதுதான் செல்லப் பெயர். ஒரு தடுப்பாட்டக்காரர் பந்தை வானத்துக்கு உதைத்து மைதானத்துக்கு வெளியே தள்ள, கூட்டம் "உயரம், உயரம்" என்று கத்தியதிலிருந்து வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அரை நூற்றாண்டு நடுத்தர வாழ்க்கை. லீக்கில் ஒரு டிவிஷன், அதாவது ஓர் அடுக்கு, கீழே இறங்குவதும் மேலே ஏறுவதும். ஜிம்மி பிரவுன்லி போல ஒரு கோல்கீப்பர், 1949இல் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்து 3-1 என்று வென்றபோது கோல் அடித்த ஜிம்மி மேசன் போல ஒரு கலைஞர், இப்படி அவ்வப்போது ஒருவர் வருவார். ரேஞ்சர்ஸ், செல்டிக் இரண்டில் எதையும் பிடிக்காத கிளாஸ்கோக்காரர்களுக்கு இது ஒரு புகலிடம். அந்த ஊரில் கிளப் என்றால் மதமும் கூடவே வரும். புராட்டஸ்டன்டா கத்தோலிக்கனா என்ற கேள்வி இல்லாமல் போய் நிற்க ஓர் இடம் என்பது சின்ன விஷயம் இல்லை. பெரிய ஆட்டங்களுக்குக் கேத்கினில் நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம் வந்திருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1960-61 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து அணியின் முன்னாள் கேப்டன் ஜார்ஜ் யங்தான் மேனேஜர். குட்ஃபெலோ, ஹில்லி, ஹார்லி, கிரே, மெக்கின்னஸ் என்று ஐந்து பேர் முன்வரிசை. பழைய ரசிகர்களிடம் கேட்டால் இந்த ஐந்து பெயரையும் மந்திரம் போல ஒரே மூச்சில் சொல்வார்கள். 34 ஆட்டத்தில் 100 கோல். கடைசி ஆட்டத்தில் ஹிபர்னியனை 6-1 என்று அடித்து அந்த நூறைத் தொட்டார்கள். சாம்பியனான ரேஞ்சர்ஸ் அடித்ததே 88தான். வாங்கிய கோல்களும் 80 என்பதால் மூன்றாம் இடம். அடிப்பார்கள், வாங்குவார்கள், பார்க்கிறவனுக்கு விருந்து.

நாலே சீசன் கழித்து, 1964-65 கணக்கைப் பாருங்கள். 34 ஆட்டம், 3 வெற்றி, 1 சமன், 30 தோல்வி. அடித்தது 22 கோல், வாங்கியது 99. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற அந்தக் காலக் கணக்கில் மொத்தம் 7 புள்ளி, கடைசி இடம், கீழ் டிவிஷனுக்கு இறக்கம். நூறு கோல் அடித்த அணி நூறு கோல் வாங்கும் அணியாக மாற நாலு வருஷம் போதுமாக இருந்தது.

இடையில் என்ன நடந்தது என்பதில் சந்தேகமே இல்லாத பகுதி இது. 1962இல் பில் ஹிடில்ஸ்டன் என்பவர் நிர்வாகக் குழுவுக்குத் திரும்பி வந்து பிடியை இறுக்கினார். ஜார்ஜ் யங் விலகிவிட்டார். அதே வருஷம் ஹார்லியை மான்செஸ்டர் சிட்டிக்கும் ஹில்லியை நியூகாசிலுக்கும் விற்றார்கள். அடுத்த வருஷம் கிரே மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார், குட்ஃபெலோ லெஸ்டருக்கு. அந்த ஐந்தில் நாலு பேர் இப்படி இங்கிலாந்துக்குப் போனார்கள். சின்ன கிளப்புகள் நல்ல ஆட்டக்காரரை விற்றுத்தான் வயிறு வளர்க்கும், அதில் தப்பில்லை. ஸ்காட்லாந்தில் எல்லாச் சின்ன கிளப்பும் செய்வதுதான். ஆனால் விற்ற பணத்தில் ஒரு பங்காவது அடுத்த ஆட்டக்காரரைப் பிடிக்கப் போக வேண்டும். இங்கே வந்த மாற்று ஆட்களின் தரத்தைப் புள்ளிப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

என் தொழிலில் ஒரு வியாபாரம் நொடிக்கப் போகிறதா என்று பார்க்க இருப்புநிலைக் குறிப்பை மட்டும் நம்பமாட்டோம். நேரில் போய், சின்னச் செலவுகளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். பெரிய கடனை மறைக்க முடியும், எரியாத பல்பை மறைக்க முடியாது. கேத்கினில் கடைசி வருஷங்களில் ஆடியவர்கள் பின்னாளில் சொன்ன கதைகள் எல்லாம் இந்த ரகம்: குளிக்க வெந்நீர் இருக்காது, பழைய பந்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துப் புதுப் பந்தாக்குவார்கள், வாசலில் வசூலான சில்லறையை அப்படியே சம்பளமாக எண்ணிக் கொடுப்பார்கள். இவை வாய்வழிக் கதைகள், சொல்லச் சொல்லக் கொஞ்சம் வளர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்டால் கிடைக்காது. ஆனால் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் ஒரே மாதிரி சொல்லும்போது, அந்த இடத்தின் வாடை அப்படித்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்வேன்.

கடைசிச் சீசனில் இரண்டாவது டிவிஷனில் நடுவாக்கில் இருந்தார்கள், அதாவது ஆட்டத்தில் கொஞ்சம் உயிர் திரும்பியிருந்தது. 1967 ஏப்ரல் 25 அன்று கேத்கினில் குவீன் ஆஃப் தி சவுத்துடன் 3-3. பார்க்க வந்தவர்கள் 325 பேர். மூன்று நாள் கழித்து டம்பார்டனில் 5-1 என்று தோல்வி. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் ட்ரூ பஸ்பி என்ற இளைஞர், பின்னால் ஹார்ட்ஸில் பெயர் வாங்கியவர். தேர்ட் லானார்க்கின் கடைசிக் கோல் அதுதான் என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கோடையில் கம்பெனி கலைக்கப்பட்டது.

அந்த வசந்த காலம் எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 அன்று, அப்போது உலகச் சாம்பியனாக இருந்த இங்கிலாந்தை ஸ்காட்லாந்து வெம்ப்ளியிலேயே 3-2 என்று தோற்கடித்தது. மே 25 அன்று லிஸ்பனில் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பிரிட்டனிலிருந்து அதை வென்ற முதல் கிளப். மே 31 அன்று ரேஞ்சர்ஸ் இன்னொரு ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் ஆடியது. ஸ்காட்லாந்துக் கால்பந்து இவ்வளவு உயரத்தில் இருந்த ஒரு மாதம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊரே கொண்டாட்டத்தில் இருந்தபோது, ஹாம்ப்டனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு பழைய கிளப் மூச்சை நிறுத்தியது. ரசிகர்கள் பார்த்துக்கொண்டா இருந்தார்கள் என்று கேட்டீர்களே, பெரும்பாலானவர்களின் கண் வேறு பக்கம் இருந்தது.

சரி, இது வெறும் நிர்வாகக் கோளாறா, திட்டமிட்ட வேலையா? கலைத்த பிறகு அரசின் வர்த்தக வாரியம் விசாரணைக்கு ஆள் போட்டது. 1968இல் வந்த அறிக்கை ஹிடில்ஸ்டனின் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. முன்னாள் இயக்குநர்கள் சிலருக்குக் கம்பெனிச் சட்டத்தை மீறியதற்காக நீதிமன்றத்தில் தலா 100 பவுண்டு அபராதம். இவ்வளவு உறுதி. கிளாஸ்கோவில் யாரைக் கேட்டாலும் இன்னொன்றும் சொல்வார்கள்: மைதான நிலத்தை வீடு கட்ட விற்பதுதான் நோக்கம், அதற்காகத்தான் கிளப்பை வேண்டுமென்றே சாகவிட்டார்கள் என்று. இது பரவலான நம்பிக்கை. நடந்தவை எல்லாம் அதோடு பொருந்தவும் செய்கின்றன. ஆனால் ஒருவரின் நோக்கத்தைக் கணக்குப் புத்தகம் நிரூபிக்காது. ஹிடில்ஸ்டன் 1967 நவம்பரிலேயே இறந்துவிட்டார், அறிக்கைக்குப் பதில் சொல்ல அவர் இல்லை. நான் அடித்துச் சொல்லக்கூடியது இதுதான்: ஊருக்கு நடுவில் இருக்கும் நிலத்தின் மதிப்பு அதில் நடக்கும் தொழிலின் மதிப்பைத் தாண்டும்போது, அந்தத் தொழிலைக் காப்பாற்றுவதில் முதலாளிக்கு லாபம் இருக்காது. அந்த நிலையில் அவர் கெட்டவராக இருக்கவே தேவையில்லை, அக்கறை இல்லாதவராக இருந்தாலே போதும். கேத்கினில் அக்கறை இல்லை என்பதற்குச் சாட்சி ஏராளம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துவது. இன்றைக்கு ஒரு பிரிட்டிஷ் கிளப் திவாலானால் "அட்மினிஸ்ட்ரேஷன்" என்று ஒரு வழி உண்டு. நீதிமன்றத்தின் பாதுகாப்பில், வெளியாள் ஒருவர் பொறுப்பேற்று, கடன் கொடுத்தவர்களைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, கிளப்பை வாங்க ஆள் தேடுவார். மதர்வெல் என்ற ஸ்காட்லாந்துக் கிளப் 2002இல் அப்படிப் பிழைத்தது. ஹார்ட்ஸ் 2013இல் அதே வழியில் போய், தண்டனையாக 15 புள்ளி வெட்டு, கீழ் டிவிஷன் என்று அடிபட்டு, ரசிகர்கள் மாதாமாதம் போட்ட பணத்தில் எழுந்தது. இன்று இரண்டுமே ரசிகர்கள் கையில். இந்த வழி பிரிட்டிஷ் சட்டத்துக்கு 1980களின் நடுவில்தான் வந்தது. 1967இல் அது கிடையாது. கடன்காரர் நெருக்கினால் கலைப்பு, கலைத்தால் மைதானம், பெயர், ஆட்டக்காரர் எல்லாம் ஏலச் சரக்கு. ரசிகர்கள் திரண்டிருந்தாலும் போய்க் கதவைத் தட்ட ஓர் ஆபீஸ் இல்லை. சட்டம் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். ஏர்ட்ரியோனியன்ஸ் என்ற கிளப் 2002இல் கலைக்கப்பட்டது. கோப்பை இறுதி ஆட்டம் ஆடிய இரண்டே வருஷத்தில், 2008இல், கிரெட்னா என்ற கிளப்பும் இல்லாமல் போனது. பணம் போட்ட ஒரே மனிதர் நோயில் விழுந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. ஆனால் தேர்ட் லானார்க்குக்கு ஆறு மாத அவகாசம் கிடைத்திருந்தால், கிளாஸ்கோவில் அதை வாங்க ஒரு வியாபாரி கூடவா கிடைத்திருக்கமாட்டார் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

கடைசியில் அங்கே வீடும் கட்டப்படவில்லை. நிலம் மாநகராட்சியின் கைக்கு வந்து பூங்காவானது. ஸ்டாண்டை இடித்தார்கள், படிகளை விட்டுவிட்டார்கள், காற்றில் வந்த விதைகள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. தேர்ட் லானார்க் என்ற பெயரில் அமெச்சூர் அணி ஒன்று பின்னால் தொடங்கி, சிவப்புச் சட்டையோடு அந்தப் புல்லில் ஆடியிருக்கிறது. சட்டப்படி அது பழைய கம்பெனி இல்லை, வேறு ஆட்கள். படியில் நிற்பவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை, எனக்கும்தான்.

அடுத்த முறை போனால் ஹாம்ப்டனிலிருந்து நடந்தே போங்கள். உள்ளே நுழைந்ததும் கீழே புல்தரையில் நிற்காமல் மேல் படிக்கு ஏறுங்கள். படி ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் குறைவு என்று அங்கேதான் தெரியும், ஆளோடு ஆள் ஒட்டி நிற்கத்தான் கட்டியிருக்கிறார்கள். கால் வைக்கும்போது ஜாக்கிரதை, மழைக்குப் பின் பாசி வழுக்கும்.